கரி அடுப்பும் சாத்திய கதவும்

ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கைக்கு,

"ஈக்வேஷன பேலன்ஸ் பண்ணலன்னா இன்னா ஆயிடும் சார்?" என்று பத்தாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் என்னிடம் கேட்டவள் ஸ்டெல்லா. இப்போது கோவளத்தில் மீன் சுட்டு விற்கிறாள். மாலையில் போன் செய்தாள். மழைக்குப் பயந்து அவள் கடை ஆட்கள் கரி அடுப்பைச் சின்ன அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

"ஒரு கார்பனுக்கு ரெண்டு ஆக்சிஜன் வேணும், ஒண்ணுதான் கெடைச்சா விஷ வாயுன்னு சொன்னீங்களே சார். ஓடிப்போய்க் கதவத் தொறந்தேன். தலைசுத்தலோட வெளிய வந்துட்டானுங்க. இப்போ மழ உள்ள அடிச்சு அடுப்பு நனைஞ்சுதுன்னு என்னியே திட்டிகினு கீறானுங்க."

அணு புதிதாக முளைக்காது, காணாமலும் போகாது. அதனால்தான் இரண்டு பக்கமும் எண்ணுகிறோம். அவள் எண்ணிப் பார்த்தாளே, அதற்கு நன்றி.

நீயும் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கரி மூட்டும்போது ஜன்னலைத் திறந்து வை.