கோரா வாங்கி வந்த புது ஒயர்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்துக் காற்றில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பனி விழும்போது மட்டும்தான், ஆனால் விஸ்கான்சினில் பனி எப்போது விழாமல் இருந்தது. உன் தம்பி நீல்ஸ் பழைய காரை விற்றுவிட்டு அதைவிடப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான், கேட்டால் சிரிக்கிறான். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், உனக்குத் தெரியாததா. மனசு சரியில்லை கண்ணு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் உனக்குச் செய்ததை இப்போது இன்னொரு பெண்ணுக்கும் செய்துவிட்டேன், அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் போன வருஷம் பத்தொன்பது பிள்ளைகள்தான் மிச்சம். தலைமையாசிரியை டால்கி என்னைக் கூப்பிட்டு, "நாப்பது பேர் இல்லேன்னா அடுத்த வருஷம் உங்க வகுப்பே கிடையாது ரோல்ஃப், நான் என்ன பண்ணட்டும்" என்றாள். வீட்டுக்கு வந்து புலம்பினால் உன் அம்மா, "சாவு வீட்டுக்குப் போற மாதிரி கறுப்பு உடுப்பைப் போட்டு உக்கார வெச்சா எந்தப் புள்ளைங்க வரும்?" என்று கேட்டாள். ராக் இசை என்றால் நான் மூஞ்சியைச் சுளிப்பது உனக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை, பிள்ளைகளை ராக் வாசிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பான்கேக் சுட்டு விற்று எட்டு எலக்ட்ரிக் வயலினும் இரண்டு செல்லோவும் ஒரு டிரம் செட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொரு பேர். உன் அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னை ராக் ஸ்டார் என்றுதான் கூப்பிட்டாள், நானும் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன்.

அந்த எட்டு வயலின்களில் ஒன்று கோரா மட்சனுடையது. பதினான்கு வயது. அப்பா பால் டேங்கர் ஓட்டுகிறவர், வீட்டில் இவர்கள் இரண்டே பேர்தான். பெண்ணுக்கு ஆசை மலையளவு, காதுதான் கொஞ்சம் மந்தம், உற்சாகம் ஏறினால் சுருதி எங்கோ போய்விடும். மர வயலினில் முப்பது பேர் நடுவே ஒரு பிள்ளையின் பிசகு கரைந்துவிடும். மின்சாரத்தில் அப்படி இல்லை, ஒரு தப்பு ஸ்வரம் மண்டபம் முழுக்க நிறைந்துவிடும். நவம்பர் கச்சேரிக்குப் பள்ளிக் குழுவினர் ஏழு பேரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இந்த வகுப்பு இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். ராக் பாட்டில் நான் கோல் ஆட்ட வேண்டியதில்லை, தாளத்தை டிரம் பார்த்துக்கொள்ளும். அதனால் ஓரத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியின் முன்னால் நின்றேன். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குமிழ். பாட்டு தொடங்கும் முன் கோராவின் குமிழை ஒரு விரலால் அடிமட்டம்வரை இறக்கினேன். அவளுடைய வயலினில் இயர்போன் மாட்டியிருந்ததால் அவளுக்கு அவள் வாசிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. தலையை ஆட்டி ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வகுப்பில் பார்த்ததே இல்லை பிரிட்டா. சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், குழு ஒருமனதாகச் சம்மதம் கொடுத்தது, ஊர்ப் பத்திரிகையில் என் படம்கூட வந்தது.

மாடு கச்சேரிக்காகக் காத்திருக்காது, அவள் அப்பாவால் வர முடியவில்லை. கச்சேரிப் பதிவை லாரியில் போட்டுக் கேட்டிருக்கிறார். மறுவாரம் கோரா வந்து, "அப்பா ஆறு தடவை கேட்டாராம் சார், என்னோடது மட்டும் கேக்கவே இல்லையாம், ஏன் சார்?" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, "ஒயர் கெட்டுப் போயிருக்கும்மா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பிவிட்டாள். இரண்டு சனிக்கிழமை மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுக்கும் வேலைக்குப் போய், புது ஒயர் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அதை வயலினில் மாட்டிவிட்டு, "இப்போ கேக்குதா சார்? அப்பாவுக்கு இன்னொரு தடவை பதிவு பண்ணி அனுப்பலாமா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பழைய ஒயரில் ஒரு குற்றமும் இல்லை, நான்தான் உன் சத்தத்தை இறக்கினேன் என்று சொல்லிவிட்டேன். "பாட்டு முழுக்கவா?" என்றாள். ஆமாம் என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒயரை முறுக்கு விழாமல் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு" என்றாள். வெட்கப்பட வேண்டியவன் நான். எட்டு நாளாக அவள் வகுப்புக்கு வரவில்லை.

அந்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் போன பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது உனக்கு மறந்திருக்காது. பாவம், அந்தப் பாட்டின் கடைசிப் பக்கம் உனக்கு வரவே இல்லை. வில்லைத் தந்தியில் படாமல் இழு கண்ணு, யாருக்கும் தெரியாது என்றேன். வாத்தியார்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான், நடுவர்கள் மதிப்பெண் குறைக்கக் கூடாதே. நீயும் "சரிப்பா" என்றாய். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நமக்கு முதல் தரம் கிடைத்தது. மறுவாரம் நீ வயலினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூடைப்பந்துக்குப் போனாய். பெண்ணுக்கு விளையாட்டில் ஆசை வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். அதுவும் பொய்தான். நீ ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது, உன்னிடம் வந்து பேசத்தான் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மா படமெடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புவாள். படித்துவிட்டாள், மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், கர்த்தர் உங்கள் கூடவே இருக்கட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் மட்சன் வீட்டுக்குப் போகிறேன், அவர் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பனுக்கும் பெண்ணுக்கும் முன்னால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். நீ வயலினைத் தள்ளிவிட்ட அன்றைக்கு நான் உன் அறைக் கதவைத் தட்டி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுது கண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை, எழுது. நீ எழுதியதும் அதை முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

உன் அப்பா,
ரோல்ஃப்