காலை ஆறு மணி வாசகர்கள்

மார்ச் 4
வேலையை விட்டு எட்டு மாதம். வீட்டுச் சாமான்கள் பழுதானால் நாமே சரிசெய்வது எப்படி என்று நான் நடத்தும் இணையதளத்தின் விளம்பர வருமானம், வீட்டு இணையக் கட்டணத்துக்கே போதவில்லை. மனைவி கெடு வைத்துவிட்டாள். “ஜூன் வரைக்கும் பாருங்க. அப்புறம் பழைய ஆபீஸ்லயே போய்க் கேளுங்க.” கேட்கலாம். எந்த முகத்தோடு? மேனேஜரிடம் அவ்வளவு பெரிய உரை ஆற்றிவிட்டு வந்தவன் ஆயிற்றே.

மார்ச் 9
மாமனார் வீட்டில் சாப்பாடு. தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தியவர். “ஏன் மாப்ளே, அந்த விளம்பரத்த யாராவது அமுக்கினாத்தான் உங்களுக்குக் காசா?” ஆமாம் என்றேன். “இதெல்லாம் ஒரு பொழப்பா!” சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 17
மனைவியின் தம்பி யோசனைப்படி, பக்கம் திறந்ததும் திரையையே மூடும் விளம்பரம் போட்டேன். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு. ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “குழாய் உடைஞ்சு கணுக்கால் வரைக்கும் தண்ணி. நீங்க செருப்பு விக்கிறீங்க. நல்லா இருங்க.”
எடுத்துவிட்டேன்.

மார்ச் 26
கட்டுரை நடுவில், மூன்றாவது பத்திக்குக் கீழே ஒரு சதுர விளம்பரம். க்ளிக் குவிகிறது! அதுவும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள்.

ஏப்ரல் 2
சதுரத்தை ஓரத்துக்கு மாற்றினேன். அங்கேயும் க்ளிக். அடியில் நீளப் பட்டையாக ஒட்டினேன். அங்கேயும்! அப்படியென்றால் முக்கியம் இடமல்ல, நேரம். மனிதன் விடியற்காலையில்தான் வாங்கும் மனநிலையில் இருக்கிறான். இது எப்படி இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை?

ஏப்ரல் 11
என் கண்டுபிடிப்புக்கு ‘விடியல் விதி’ என்று பெயர் சூட்டியாயிற்று. மனைவியின் தம்பியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். கடைசியில், “அத்தான், எல்லாம் ஒரே ஆள் அமுக்குற மாதிரி இருக்கே, பாத்தீங்களா?” என்றான். பொறாமை. வேறென்ன?

ஏப்ரல் 20
சேர்ந்திருக்கும் வருமானத்தைக் காட்டினேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேலையை விட்ட பிறகு முதல் தடவை.

மே 3
விளம்பரக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். “செல்லாத க்ளிக்குகள்.” யாரோ வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார்களாம். கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. சேர்ந்த பணமும் கிடையாது. முறையிட்டேன், பத்தே நிமிடத்தில் ‘முடியாது’ என்று பதில் —
எவன்டா அது? எவன் வயித்தெரிச்சல்? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?

மே 4
மாமியாரின் இஸ்திரிப் பெட்டியைச் சரிசெய்து காலையிலேயே கொண்டுபோனேன். மாமனார் மூக்குக் கண்ணாடியோடு கம்ப்யூட்டர் முன்னால். திரையில் என் இணையதளம்.
“வாங்க மாப்ளே! என்ன, இன்னிக்கு ஒரு விளம்பரத்தக்கூடக் காணோம்? நேத்து வரைக்கும் ஒண்ணு விடாம அமுக்கினேனே!”
மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. “எந்திரிச்சதும் இதான் வேலை. எல்லாப் பக்கமும் முடிச்சாத்தான் காபியே.”
“எங்க மூலைல வச்சாலும் கண்டுபிடிச்சிருவேன்” என்றார் அவர். “நீங்க யார் முன்னாடியும் தலை குனியக் கூடாது மாப்ளே.”
விடியல் விதி. ஒரே ஆள். ஒரே விரல். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையாக மாறிவிட்டது. “தளத்துல கொஞ்சம் ரிப்பேர் மாமா” என்று மட்டும் சொன்னேன்.

மே 15
பழைய ஆபீசில் சேர்ந்துவிட்டேன். மேனேஜர் என் உரையை வரி பிசகாமல் எல்லோருக்கும் ஒப்பித்துக் காட்டினார்.
வீட்டுக்கு வந்ததும் இவள் கேட்டாள்: “அப்படி யார்தான் அமுக்கித் தொலைச்சாங்க? கண்டுபிடிச்சீங்களா?”
“யாரும் இல்ல. நான்தான் விளம்பரத்தத் தப்பான எடத்துல வச்சுட்டேன்” என்றேன்.
உடனே நம்பிவிட்டாள்.