குழாயின் வாயைக் கட்டிய துணி

வட்டகொடை,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுமென்பதே எங்கள் முதல் வேண்டுதல். மத்தியானம் தொலைபேசியில் நான் சொன்னதில் பாதிகூட உனக்கு விளங்கியிருக்காது, பஸ்ஸின் இரைச்சல் ஒரு பக்கம், என் அவசரம் ஒரு பக்கம், ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதித் தாளைப் படம் பிடித்து இன்றே அனுப்புகிறேன். முதற் செய்தி, நீ வாங்கித் தந்த ஏ.சி.யில் எந்தப் பழுதும் இல்லை, அறைக்குள் தண்ணீர் ஒழுகியதன் காரணத்தை இன்று காலை நானே கண்டுபிடித்துவிட்டேன், ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் கொல்லைப்புறத்தில் நின்று கை தட்டிச் சிரித்ததை அயலவர்கள் பார்த்துவிட்டார்கள், பார்க்கட்டும். இரண்டாவது செய்தியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஏ.சி.யைச் சுவரில் பூட்டிக் கொடுத்த கொம்பனி ஆள் ஜீவராஜின் வேலை என் கடிதத்தால் போயிருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் அதை மீட்டாக வேண்டும், அதில் பாதி உன் கையில் இருக்கிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அம்மாவின் மூச்சு இழுப்புக்கு அறையின் ஈரம்தான் எதிரி என்று வைத்தியர் சொன்னதும், ‘ட்ரை’யில் போட்டால் ஈரத்தை இழுத்துவிடும் என்று நீ இந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தாய். பக்கத்து வீட்டு லெட்சுமி அன்றிலிருந்து, “கம்பளி போத்திக்கிட்டு ஏ.சி. போடுற ஒரே வீடு இந்தத் தோட்டத்துலயே சார் வீடுதான்” என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்தாலும், மூன்று வாரம் அம்மா இருமாமல் தூங்கினாள். நான்காவது வாரம் மழை பிடித்தது, இயந்திரத்தின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் சுவரோடு வழிந்து அவளுடைய தலையணை வரை வந்தது. ஈரத்தைப் போக்க வந்த சாமான் ஈரத்தைக் கொட்டினால் எனக்கு எப்படியிருக்கும்? ஜீவராஜைக் கூப்பிட்டேன். மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், ஒரு சொட்டும் விழவில்லை, அவர் பஸ் ஏறிய மறுநாளே மறுபடி ஒழுகியது. மூன்றாம் தடவை அவர், “சார், மெஷின்ல ஒன்னுமில்லைங்க. நான் போனப்புறம் வீட்டுல என்னமோ நடக்குது” என்றார். தன் பிழையை மறைக்க என் வீட்டின் மேல் பழி போடுகிறார் என்று எண்ணினேன். அன்றே நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்க முறைப்பாடு எழுதினேன், ஒவ்வொரு வாக்கியத்தையும் கத்தி தீட்டுவதுபோலத் தீட்டினேன். உன்னையும் அவருடைய பெயரோடும் படத்தோடும் பேஸ்புக்கில் போடச் சொன்னேன். நீ தயங்கினாய். வற்புறுத்திப் போடவைத்தவன் நான்.

இன்று பாடசாலை இல்லை. இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று நானே கதிரையைப் போட்டு ஏறினேன். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், தூசியில்லை. உள்ளே குளிர்ச் சுருளில் பனிக்கட்டி பிடித்திருந்தால் அது உருகி ஒழுகும், பனியும் இல்லை. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன், பெட்டி வெளிக்குழாய் பக்கமாகச் சற்றே சரிந்து நின்றது, சரியாகத்தான் பூட்டியிருக்கிறார். அதுவே எனக்கு முதல் உறுத்தல். பிறகு உள்ளேயிருக்கும் தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினேன். அது இறங்கவில்லை, தொண்டையில் சோறு சிக்கியவன் மாதிரி ‘களக், களக்’ என்று விக்கியது. பெட்டி சரி, தட்டு சரி, அப்படியானால் குற்றவாளி வெளியே! செருப்பைக்கூட மாட்டாமல் பின்பக்கம் ஓடினேன். அங்கே வடிகுழாயின் முனை ஒரு மஞ்சள் கேனின் கழுத்துக்குள் ஒரு சாணளவு செருகியிருக்க, மழை தொடங்கியதும் இலையும் தவளையும் விழாதபடி அதைச் சுற்றிப் பழைய சேலைத் துணியும், துணிக்கு மேல் பொலித்தீனும் இறுக்கிக் கட்டியிருந்தது. கேனில் தண்ணீர் உயர்ந்து குழாயின் வாயை மூடிவிட்டது, கேனுக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லை, மேலிருந்து தண்ணீர் எப்படி இறங்கும்? கட்டை அவிழ்த்து இழுத்தேன், தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் என் காலில் கொட்டியது! நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்து, “என்னங்க, பாம்பா?” என்றாள்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், பீலிக் குழாயில் சொட்டுகிற தண்ணீருக்குக்கூடக் குடம் வைத்து வளர்ந்தவள், இன்றைக்கும் இங்கே குழாயில் காலை ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர். “சும்மா ஊத்துற தண்ணிய மண்ணுல விடச் சொல்றீங்களா?” என்று என்னையே கேட்டாள். அப்படியானால் ஜீவராஜ் வந்தபோதெல்லாம் கேன் எங்கே போனது என்று கேட்டேன். “கொம்பனி ஆள் வர்றப்ப பின்பக்கம் கேனும் துணியுமா கெடந்தா வீட்டைப் பத்தி என்ன நெனைப்பாங்க? அவுத்து அந்தப் பக்கம் வச்சிட்டு, அவரு போனதும் திரும்பக் கட்டுனேன்” என்றாள். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை, மகளே. அவர் போன பிறகுதான் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது.

உடனே இருவரும் நிறுவனத்தின் ஹட்டன் கிளைக் கடைக்குப் பஸ் ஏறினோம். கிளை முகாமையாளர் சுதாகரன் என்பவர் எழுந்து நின்று வரவேற்றார். “உங்க லெட்டர் வந்த அன்னைக்கே ஆள நிப்பாட்டிட்டோம் சார். என்ன அழகான இங்கிலிஷ், கொழும்புல எல்லாரும் வாசிச்சாங்களாம்” என்றார். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவனுடைய கோபம் அந்தச் சத்தத்தோடு இறங்கிவிடும், என்னுடையது இறங்கக் கூடாது. கடிதம் கிடைத்த பிறகு அந்த மனிதரிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். “எதுக்கு சார், நீங்கதான் எல்லாம் எழுதிட்டீங்களே. தோட்டத்துப் பசங்கள வச்சா இப்பிடித்தான்னு மேலிடத்துல வேற சொன்னாங்க” என்றார். அந்த மேலிடத்துக்கு அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் தேவைப்பட்டது, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நான் அதைத் தட்டச்சுச் செய்து கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். என் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று மறுப்புக் கடிதம் எழுதத் தாள் கேட்டேன். நான் இரண்டாவது வரியில் இருக்கும்போதே அம்மா, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “சார் எழுதுறது இருக்கட்டும். தப்பு என் மேல, கேன வச்சது நான். அந்தத் தம்பிய வேலைக்கு எடுங்க” என்றாள்.

வேலைக் கருவிப் பையை ஒப்படைக்க வந்த ஜீவராஜ் வாசலிலேயே நின்று இதைக் கேட்டிருக்கிறார். அம்மா அவரிடம் போய்த் துணி கட்டிய கதையை முழுவதும் சொன்னாள். அவர், “எங்க அம்மாவா இருந்தா ரெண்டு கேன் வச்சிருப்பாங்க அக்கா” என்று சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார், சிரிப்பு இல்லை. “மூனு தரமும் தேத்தண்ணி குடுத்தீங்க சார். எழுதுறதுக்கு முன்னுக்கு ஒரு தரம் என்னையக் கேட்டிருக்கலாம்” என்றார். சுதாகரனிடம் நான் கேட்ட அதே கேள்வி.

கொழும்புத் தலைமையகத்தோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்த முகாமையாளர், மறுப்புக் கடிதம் போதாது, பேஸ்புக் பதிவுக்குத் திருத்தம் வந்தால்தான் திங்கட்கிழமை அவரை உள்ளே எடுப்பார்கள் என்றார். ஆகவே நீ செய்ய வேண்டியது இது. பதிவை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, அழித்தால் பார்த்தவர்களின் மனதில் பழி அப்படியே நிற்கும். அதே இடத்தில், அதே படத்தின் கீழே, பூட்டிய வேலை சுத்தமான வேலை, பிழை எங்கள் வீட்டில் என்று தெளிவாக எழுது. அம்மாவின் பெயரைப் போடாதே, அவள் தண்ணீரைத்தான் சேமித்தாள். விசாரிக்காமல் எழுதியவன் நான், என் பெயரைப் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு, மஸ்கட்டில் உன் ஏ.சி.யின் வடிகுழாயும் எங்காவது தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறதா என்று ஒரு தடவை பார். அம்மா இன்று தலையணையைக் காயப் போட்டிருக்கிறாள், இழுப்பு இல்லை, உனக்குத் திருநீறு மடித்து வைத்திருக்கிறாள். முருகன் உன்னை எந்நாளும் காக்கட்டும், நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் பெற்று வாழ எங்கள் இருவரின் ஆசிகள். மறந்துவிடாதே, திங்கள் எட்டு மணிக்கு இங்கே கடை திறக்கும்போது உனக்கு ஆறரைதான், ஆகவே காலையில் பார்க்கலாம் என்று வைக்காமல் இன்றே எழுது. என் பெயரைச் சுருக்காதே, ஊரையும் விட்டுவிடாதே, கீழே இருக்கிறபடியே போடு.

உன் அப்பா,
மு. சோலைமலை, ஆசிரியர்,
வட்டகொடை.