பிழையில்லாத கேள்வி

அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசி. உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கொரு குறையுமில்லை. விடுதி மாணவிகள் வார்டன் என்று என்னைக் கண்டதும் ஓடுகிறார்கள். அதுவே எனக்கு டானிக்.

போன வாரம் உனக்கு எழுதிய கடிதத்தை அனுப்புவதற்காக, என் மடிக்கணினியிலிருந்து அலுவலகத்தின் புதுக் கணினியில் ஏற்றினேன். உடனே, 'கோப்புகளை அனைவருடனும் பகிர்ந்துகொள்ளலாமா?' என்று திரை கேட்டது. அந்த இயந்திரம் ஒற்றுப்பிழை இல்லாமல் தமிழ் எழுதியது அன்றுதான். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை அல்லவா? மகிழ்ந்துபோய் 'சரி' போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, கடிதம் எல்லோர் திரையிலும் இருந்தது. அதில் விடுதி மேலாளரை 'கோட்டுப் போட்ட பூசணிக்காய்' என்று எழுதியிருந்தேன். அவருக்கோ தமிழ் நன்றாகத் தெரியும். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு? ஒரு எழுத்துகூடப் புரியலையே!"

நாம் இருவரும் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பழைய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையடி!

"இந்த மெஷினுக்குத் தமிழ் வரல சார், அழிச்சிடுங்க" என்றேன். பொய்யில்லையே!

அறைக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

உன் மகன் புதுக் கணினி வாங்கித் தந்தால் வாங்கிக்கொள். பழையதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. நான் எழுதுவதை வாசிக்க இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் அக்கா