கேட்டுக்கு வெளியே

வியாழன், இரவு.

மதியம் அப்பாவை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீதிபதியாக இருந்த இத்தனை வருஷமும், தன்னிடம் வழக்கு நடக்கிற எவரையும் அப்பா எங்கள் வீட்டு கேட்டுக்குள் விட்டதில்லை. இன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் மாலையோடு வந்து தெருவிலேயே நின்றார்.

“உள்ள வாங்க ஐயா,” என்றேன்.

“வேணாம்மா. என் நிலத்து கேஸு அவருகிட்டதான் நடக்குது. இன்னும் தீர்ப்பு வரல. நான் உள்ள வந்தா ஐயா கோச்சுப்பாரு.”

மாலையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அதற்கும் மறுத்துவிட்டார். எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது. செத்த பிறகும் இவர் சட்டம் விடாதா?

மதியம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். அப்புறம்தான் அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றினார். கிட்டே வந்து, வெயிலில் வாடிப்போன மாலையை அப்பாவுக்குப் போட்டார்.