சுவரில் திரும்பிய பேருந்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்பதுதான் முறை; கேட்டுவிட்டேன். போன மூன்று கடிதங்களுக்கு வராத பதில் இதற்கு மட்டும் பறந்து வந்துவிடுமா என்ன? போன் நம்பரைத்தான் மாற்றிவிட்டாய். விலாசமாவது பழையதுதானா என்று தெரியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நம் நெடுஞ்சாலைக்கு நூறு வயதாகிறதாம். மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் நீளச் சுவர் முழுக்கச் சாலையின் கதையை வரையும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. தார் டின்னோடு சாலை போட்டவர்கள், முதல் பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து தூங்கும் கிளீனர். கடைசியில் காலை ஆறு மணிப் பேருந்து. அதன் பின்கண்ணாடியில் உன் பின்னந்தலை. ஒன்பது வருடத்துக்கு முன் நானும் அம்மாவும் கடைசியாகப் பார்த்தது அதைத்தானே! கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன், அச்சு அசலாக வந்தது.

நூற்றாண்டு விழாக் குழுத் தலைவர் வந்து பார்த்தார். எல்லாம் பிரமாதம், வண்டி மட்டும் ஊரை விட்டுப் போகக் கூடாதாம். "வர்ற மாதிரி திருப்பிடும்மா, பார்க்கிறவங்களுக்கு மனசு நிறையணும்" என்றார். இந்தச் சாலையில் வந்தவர்களைவிடப் போனவர்கள்தான் அதிகம் என்றேன். "அதையெல்லாம் சுவர்ல போடுவாங்களா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெள்ளையடித்து, அளவுக்காக மறுபடி கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பேருந்தைத் திருப்பினேன்.

வண்டி திரும்பினால் நீயும் திரும்பித்தானே ஆக வேண்டும்? முன் ஜன்னலில் உன் முகத்துக்கு நான்கு கட்டம் விட்டேன். பத்து நாளாகக் காலியாகவே இருக்கிறது. பார்த்து வரைய உன் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை; ஆல்பத்தைத்தான் நீ ஆசையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாயே.

அம்மா இப்போது எழுந்து நடப்பதில்லை. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. "பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். படுத்தபடியே அம்மா உன் முகத்தை எனக்குச் சொல்லித் தருகிறாள். மூக்கு அப்பாவைப் போல, காது என்னைப் போல. நேற்று புருவத் தழும்பில் வந்து நின்றோம். என் சைக்கிளிலிருந்து விழுந்தாயே, அந்தத் தழும்பு. அம்மா இடது என்றாள், நான் வலது என்றேன். இருவரும் விடவில்லை, சண்டை முற்றிவிட்டது. திடீரென்று அம்மா நிறுத்திவிட்டு, "எனக்கே மறந்துபோச்சாடி?" என்று கேட்டாள். நான் வெளியே போய், சுத்தமாக இருந்த பிரஷ்ஷை மறுபடியும் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை சுவரோரம் கட்டிய சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். யார் முகத்தையாவது போட்டு முடி என்கிறார் தலைவர். என் கையால் அது நடக்காது.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் உன்னை எதுவும் செய்துவிட வேண்டாம். தழும்பு எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. எழுத நேரமில்லை என்றால், முகத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டிவிட்டுப் போ.

உன் அக்கா