தேவகி அக்கா கண்ட ஒளிவால்

தேவகி அக்கா, என் உசிரே,

உன்னை அடிச்சது லோரிதான். ஆனா உன்னை அந்த ரோட்டுக்கு அனுப்பினது யாருன்னு எனக்குத் தெரியும். போன மாசம் அந்த ஆளை நேருக்கு நேர் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

அம்மா இன்னும் யோங் பெங்ல, நாம பொறந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்துலதான் இருக்காங்க. உன் பேச்சை எடுத்தா எழுந்து அடுப்படிக்குப் போயிடுறாங்க. நானும் இயற்பியல் எடுத்தது அவங்களுக்குப் பிடிக்கல. "போனவ போயிட்டா, விட்டுரும்மா"ன்னாங்க. நான் விடல.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் தெரியட்டும். பல்கலைக்கழகத்துல நீ எடுத்துக்கிட்டது காமா கதிர் வெடிப்பு. எங்கேயோ தூரத்துல ஒரு நட்சத்திரம் சாகும்போது சில நொடி மட்டும் அடிக்கிற மின்னல். விண்வெளியில சுத்துற தொலைநோக்கி அதைப் பிடிச்சு அனுப்பும், தரவை யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். சட்டுன்னு அணைஞ்சதா எல்லாரும் எழுதியிருந்த ஒரு வெடிப்புக்குப் பின்னால, மங்கலா ஒரு வால் நீண்டு போறதை நீ பார்த்தே. அன்னிக்குப் போன்ல உன்னால பேசவே முடியல, சிரிச்சுக்கிட்டே இருந்தே.

அந்த கிராஃபை எடுத்துக்கிட்டு உங்க துறைப் பேராசிரியர்கிட்ட போனே. பேர் இங்க வேணாம், அவருக்குத் தெரியும். வகுப்பே பார்த்துக்கிட்டிருக்க, "எண்ணத் தெரியலைன்னா தோட்டத்துக்கே திரும்பிப் போ, செம்பனைக் குலையை எண்ணு"ன்னார். எது தப்புன்னு மட்டும் சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க. கொஞ்ச நாள்லயே நீ படிப்பை விட்டே. எல்லை ஊரான ஜொகூர் பாருல ரூம் எடுத்து, பாலம் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்கு மோட்டார் சைக்கிள்ல போய் வந்தே. ஒரு விடியக்காலை, பாலத்துக்குப் போற வழியில அந்த லோரி.

நான் இந்தத் துறைக்கு வந்தது வானத்து மேல இருக்கிற ஆசையில இல்ல. நீ சரி, அவர் தப்புன்னு காட்டணும். அவ்வளவுதான். ஒவ்வொரு காமா துகளும் வந்த நேரத்தை அடுக்கி வரைபடம் போடக் கத்துக்கிட்டேன். வெடிப்பு இல்லாதப்பவும் கருவியில விழுந்துக்கிட்டே இருக்கிற பின்னணிக் கதிரைக் கழிக்கக் கத்துக்கிட்டேன். புரோகிராம் எழுதி, அது உடைஞ்சு, திரும்ப எழுதி, கடைசியா உன் வெடிப்பை எடுத்தேன். வால் இருந்துச்சு அக்கா. உட்கார்ந்த இடத்துலயே அழுதேன்.

அப்புறம் சரிபார்த்தேன். அந்தத் தொலைநோக்கியில ஒவ்வொரு திசையையும் பார்க்கிற உணரிகள் இருக்கு. வெடிப்புக்கு முதுகு காட்டி இருந்த உணரியிலயும் அதே ஏத்தம், அப்போ அது வெடிப்புல இருந்து வந்ததே இல்ல. தொலைநோக்கி பூமியைச் சுத்தி வர்றப்போ பின்னணியே மெதுவா கூடியிருக்கு. நீயும், உன்னை மாதிரியே நானும், வெடிப்புக்கு முன்னாடி இருந்த அளவை மட்டும் வெச்சு நேர்கோடு போட்டுக் கழிச்சிருக்கோம். முன்னும் பின்னும் எடுத்து வளைகோடாப் போட்டுக் கழிச்சதும் வால் காணாமப் போச்சு.

நீதான் தப்பு. கோவமா உனக்கு?

என் கோவம் இதோட தணியும்னு நினைச்சேன். தணியல, இன்னும் ஏறிடுச்சு. புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. வாயைத் திறந்து சொல்லியிருந்தா நீ அன்னிக்கே திருத்தியிருப்பே. நீ அந்த ரோட்டுல போக வேண்டிய அவசியமே வந்திருக்காதே?

போன மாசம் ஜொகூர் பாருல ஒரு கருத்தரங்கு. அவர் பேசி முடிச்சதும் எழுந்து, நானே போட்ட அந்த வால் கிராஃபைத் திரையில காட்டி, இது உண்மையான்னு கேட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். ரொம்ப அன்பா, பின்னணியைத் தப்பா எடுத்திருக்கீங்க, எதிர்ப்பக்க உணரியைப் பாருங்கன்னு விளக்கினார். எவ்வளவு சுலபமா சொன்னார் தெரியுமா?

"இதே கிராஃபை என் அக்கா தேவகி உங்ககிட்ட காட்டினா, டாக்டர். அவளைச் செம்பனைக் குலை எண்ணப் போகச் சொன்னீங்க. அவ செத்துட்டா. இப்ப எனக்குச் சொன்னதை அவளுக்கு ஏன் சொல்லல?"

தனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லைன்னார்.

ரெண்டாவது வரிசையில ஒரு பெண் எழுந்தாங்க. இப்ப வேற கல்லூரியில விரிவுரையாளர். "எனக்கு ஞாபகம் இருக்கு. நானும் அன்னிக்கு அந்த வகுப்புல இருந்தேன்"னாங்க. அவர் மைக்கைக் கீழ வெச்சுட்டார்.

வெளிய கார் நிறுத்துற இடத்துல என் பின்னாலயே வந்தார். "நான் மன்னிப்புக் கேட்கணுமா? என்ன வேணும் உனக்கு?"ன்னு கேட்டார். அவர் மன்னிப்பை வாங்கி நான் என்ன செய்ய? நீ இருந்தாலாவது அதை உன்கிட்ட கொடுக்கலாம்.

"ஞாபகம் வெச்சுக்குங்க, அது போதும்"னேன். அவரை அங்கேயே விட்டுட்டு நடந்தேன். எனக்கு நல்லா இருந்துச்சு அக்கா. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சு.

நான் மன்னிக்கல. அவர் பேசுற அரங்கு எதுவா இருந்தாலும் முன் வரிசையில உட்காருவேன். கேள்வி நேரத்துல கை தூக்குறேனோ இல்லையோ, தூக்கிடுவேனோன்னு என்னைப் பார்த்துக்கிட்டேதான் அவர் பேசணும். இது உன் மேல சத்தியம்.

உன் கூடப் பிறந்தவ,
தங்கச்சி சுகுணா